மூன்று டப்பா

"எல்லாரும் டிக்கிலதான் வெக்கிறாங்கம்மா, இதுல போயி நீ..."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு. டிக்கில ஸ்டெப்னி வெப்பாங்க, அரிசி மூட்ட வெப்பாங்க..."

"டாக்ஸிக்காரன் சீட்ல வெக்க வுட மாட்டேன்றான். அடுத்த பார்ட்டி அதே சீட்ல ஏறணுமா இல்லியா? அவன் கஷ்டம் அவனுக்கு."

"அவன் வண்டியே வேணான்னுதான சொல்றேன். நம்ம வண்டி ஷெட்டுல நிக்கிது இல்ல?"

"அதுல ஒரு சொட்டு ஆயில் கெடையாதும்மா. ஃபில்டரும் கெடையாது. நைனாதான் கழட்டிப் போட்டுட்டாரே."

அப்பா பேச்சு வந்ததும் கிரிதர் நிறுத்திக்கொண்டான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஃபிளாஸ்கைத் திறந்து, ஆறிப்போன காபியை டம்ளரில் ஊற்றினான். துக்க வீட்டில் அடுப்பு மூட்டி இரண்டு நாளாகிறது.

திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. கோதண்டராமனை நேற்று மத்தியானம் எரித்தாயிற்று. ராகு காலம் ஒன்பதுக்கு முடியும், பத்தரைக்கு எமகண்டம் பிறக்கும். அந்த ஒன்றரை மணிக்குள் சுடுகாட்டில் பால் ஊற்றி, எலும்பு பொறுக்கி, பானையில் கட்டி, மகாபலிபுரம் கடலுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். கடலுக்குப் பொம்பளைகள் போகிற வழக்கம் இல்லை. அம்மா பிரபாவதியும் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். முப்பத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டு போகக் கூடாது.

"அவரு ஸீட்டு அதுல கீது. முன் ஸீட்டு. துண்டு மடிச்சிப் போட்டு, அதும்மேல வெச்சி எடுத்துகினு போ. அவ்வளவுதான்."

"ஃபில்டர் இல்லாம எப்படிம்மா போறது?"

"மூணு வாங்கி வந்து வெச்சிருக்காரே."

ஆயிலை வடிகட்டும் ஃபில்டர்கள் மூன்றும் சாப்பாட்டு மேஜை மேலேயே இருந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. நீல டப்பா ஒன்று, சிவப்பு டப்பா ஒன்று, மஞ்சள் டப்பா ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி.

பிரபாவதிக்கு சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே மனசின் ஒரு மூலையில் இது அரித்துக்கொண்டிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்திருக்கிறான், சுற்றிலும் நாத்தனார்கள் மாரடித்து அழுகிறார்கள், இவளுக்கு அழுகைக்கு நடுவிலே நடுவிலே, ஏன் மூணு, ஏன் மூணு என்று ஓடுகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அது எண்பத்தொன்பதாம் வருஷத்து மாருதி. கல்பாக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த காலத்தில் லோன் போட்டு வாங்கியது. பதினெட்டு வருஷமாக, ஆறு மாசத்துக்கு ஒரு தரம், தன் கையாலேயே ஆயில் மாற்றினார். மெக்கானிக்கிடம் விட்டதில்லை. பதினெட்டு வருஷமும் ஒரே கம்பெனி பச்சை டப்பாதான். செங்கல்பட்டில் ஒரே கடைதான். முந்தாநாள் சனிக்கிழமையும் காலையிலேயே பழைய ஆயிலை இறக்கி, பழைய ஃபில்டரைக் கழற்றி, வெட்டிப் பிரித்து, அதற்குள் இருந்த காகிதத்தைப் பேப்பர் மேல் விரித்துக் காயவைத்துவிட்டு பஸ் ஏறினார். மூன்று மணிக்கு வந்தார். தயிர் சாதம் சாப்பிட்டார். பையை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலரைக்கு டீ கொண்டுபோன பிரபாவதி, அசந்துவிட்டார் என்று நினைத்து டம்ளரைக் காலடியில் வைத்துவிட்டு வந்தாள். அது ஆறி ஆடை கட்டின பிறகுதான் தெரிந்தது.

பை மடியில் இருந்தது. பச்சை டப்பா அதில் இல்லை.

"எதாவது ஒண்ண மாட்டினா ஓடும்மா," என்றான் கிரிதர். "சாலமோன் அண்ணனக் கூப்புடறேன். ஆனா ஒன்பது மணிக்குள்ள வண்டி உறுமலன்னா நான் டாக்ஸிதான். சம்பத் சித்தப்பா அட்வான்ஸ் குடுத்து வெச்சிருக்காரு. அப்புறம் நீ பேசக் கூடாது."

"பேசல."

"காரியம் முடிஞ்சதும் இத வித்தே ஆகணும். ஊரப்பாக்கத்துல என் பிளாட்ல நிறுத்த எடம் கெடையாது. நான் ஆபீஸ் பஸ்ல சிறுசேரி போறவன். நீ ஓட்டப் போறியா?"

பிரபாவதி டப்பாக்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நேர் செய்து வைத்தாள்.

சாலமோன் ஏழரைக்கு வந்தான். பஜாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். பதினெட்டு வருஷத்தில் இந்த வண்டியை ஒரு தரம்கூடத் தொட விடாத அண்ணாத்த மேல் அவனுக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. ஷெட்டில் விரித்துக் காய்ந்திருந்த பழைய காகிதத்தைத்தான் முதலில் குனிந்து பார்த்தான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அதுல இன்னா தெரியும், சாலமோன்?" என்றாள் பிரபாவதி.

அவன் நிமிர்ந்தான். சொல்லலாமா என்று யோசிப்பவன் மாதிரி கிரிதரைப் பார்த்தான்.

"எஞ்சின் உள்ள தேஞ்சிகினு இருந்தா, இதுல மினுமினுன்னு தூள் நிக்கும் அண்ணி. பித்தாளத் தூள், இரும்புத் தூள். அதுக்குத்தான் அறுத்துப் பாக்கறது. அண்ணாத்த ஆக்ஸா பிளேடு போட மாட்டாரு, டின் கட்டர்தான். பிளேடு போட்டா அந்தத் தூளும் சேந்து, எது எஞ்சினு எது பிளேடுன்னு கொயம்பிப்பூடும்." காகிதத்தை விரலால் தடவிக் காட்டினான். கறுப்பு மட்டும் ஒட்டியது. "ஒரு மினுக்கும் இல்ல. உள்ள சுத்தமா கீது. இன்னும் ஒரு லட்சம் ஓடும்."

சாலமோன் காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எதை மாட்டலாம் என்று கேட்டான்.

பதினெட்டு வருஷமும் பிரபாவதி இதே ஷெட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். மடிப்பு நெருக்கமா இருக்கணும் பிரபா, வால்வு இருக்கணும் பிரபா, ராத்திரி நின்ன வண்டி காலைல எடுக்கறப்போ ஆயில் மேலயே நிக்கணும் இல்ல, கீழ எறங்கிட்டா மொத ரெண்டு நிமிஷம் காஞ்ச எஞ்சினு. இவள் ஊம் கொட்டுவாள். கண் வேறெங்கோ இருக்கும். அடுப்பில் பால் இருக்கும். டார்ச் ஆடும், அவர் திட்டுவார். கேட்டதெல்லாம் காதில் தங்கியிருக்கிறது என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பார்த்ததில்லை. ஒரு தரம்கூட உள்ளே குனிந்து பார்த்ததில்லை.

"இரு, மாட்டாத," என்றாள். டப்பாக்களோடு எடுத்து வந்திருந்த பையின் மேல் அச்சிட்டிருந்த கடை நம்பரைக் காட்டி, கிரிதரைச் செல்போனில் அழுத்தச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

எடுத்தது ஷபானா. அப்பாவுக்குப் பிறகு செங்கல்பட்டுக் கடையை நடத்துகிறவள். கோதண்டராமன் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றதும், கலகலவென்று ஆரம்பித்துவிட்டாள். வணக்கம் சொன்னாள். ஷட்டரை இப்போதுதான் தூக்கினேன் என்றாள். சனிக்கிழமை சார் ஒரு மணி நேரம் கடையில் நின்று தன்னைப் படுத்திய பாட்டைச் சொல்லிச் சிரித்தாள்.

"அந்தப் பச்சை டப்பாக்காரன் இந்த சைஸ நிறுத்திட்டான்மா. பழைய வண்டி இல்ல? சாருக்கு மொகமே தொங்கிப்போச்சு. அப்புறம் கையில இருந்த மூணையும் எடுத்து வெச்சேன். எது நல்லதுன்றாரு. நான் வியாபாரம் பண்றவ, மூணும் நல்லதுன்றேன். நீ உள்ள பாத்தியான்றாரு. யாருமா உள்ள பாப்பாங்க?"

"அதுக்கு?"

"மூணையும் குடு, அறுத்துப் பாத்துட்டு திங்கக்கெழம சொல்றேன்னாரு. எது தேறுதோ அதுல ஒரு டஜன் எடுத்து வெக்கச் சொன்னாரு. இதுவும் நின்னுட்டா அப்புறம் எங்க போறதுன்னு. இன்னிக்குப் பத்து மணிக்கு மெட்ராசுக்கு ஆர்டர் போடுவேன்மா, அதுக்குள்ள சொல்லச் சொல்லுங்க. சார் இருக்காரா?"

பிரபாவதி போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். கிரிதர் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நான் சொல்றேன்மா," என்று வைத்துவிட்டாள்.

ஒரு டஜன். ஆறு மாசத்துக்கு ஒன்று. கணக்கு அவள் முகத்தில் ஓடியதைக் கிரிதரும் பார்த்தான். அவனும் அதையே போட்டிருப்பான்.

"இத அறு," என்றாள், நீல டப்பாவை சாலமோனிடம் நீட்டி.

"புதுசையா?"

"மூணு கீது இல்ல? மாட்டறதுக்கு ஒண்ணு போதும்."

சாலமோன் அதை வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, விளிம்பைச் சுற்றி அறுத்தான். புதுசுக்கு ஆக்ஸா பிளேடே போதும் என்றான். மூடி கழன்றதும் மூன்று தலைகளும் குனிந்தன. உள்ளே காகிதம் மடிப்பு மடிப்பாக இருந்தது, ஆனால் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும், அவசரமாகக் கொசுவம் வைத்த புடவை மாதிரி. அடி மூடி வெறும் அட்டை. பிரபாவதி விரலால் தள்ளினாள். பசை விட்டுக்கொண்டு அட்டை தனியாக வந்தது.

"அய்ய," என்றாள். தன்னையறியாமல் வந்த சத்தம். "இதையா காசு குடுத்து வாங்கினாரு."

"வெளிய பாத்தா ராஜா மாரி இருந்திச்சே," என்று சாலமோன் தலையை ஆட்டினான். "வுடுங்க அண்ணி. செவப்ப மாட்டிர்றேன். ஊர்ல எல்லாரும் அதான் போடறாங்க."

"நீ உள்ள பாத்தியா?"

அவன் டப்பாவைக் காதருகே ஆட்டிப் பார்த்தான்.

"அம்மா, மணி எட்டே கால்," என்றான் கிரிதர்.

"அறு."

சிவப்பு டப்பாக்காரன் யோக்கியன். திறந்ததுமே தெரிந்தது. மடிப்புகள் ஒரே சீராக, விரல் நுழையாத நெருக்கத்தில். இரண்டு பக்கமும் தகரமூடி. நடுவில் துளைகளை மூடிக்கொண்டு வழுவழுப்பான ரப்பர் வால்வு. அழுத்தினால் உள்ளே போயிற்று, விட்டால் சட்டென்று எழுந்துகொண்டது. பிரபாவதி அதை நாலைந்து தரம் அழுத்தி அழுத்தி விட்டாள். பதினெட்டு வருஷம் அவர் அடியில் படுத்துக்கொண்டு சொன்ன வால்வு இதுதானா? இத்தனூண்டா?

கிரிதரும் குனிந்து ஒரு தரம் அழுத்திப் பார்த்தான். காலேஜில் இன்ஜினீயரிங் படித்தவன், இதை இப்போதுதான் தொடுகிறான்.

"மடிப்ப எண்ணு," என்றாள் அவனிடம்.

அவன் எண்ணினான். அறுபத்திரண்டு. நீலத்தில் நாற்பத்தொன்று.

"இதான் தேறுது," என்றாள் பிரபாவதி.

"தேறுது அண்ணி," என்றான் சாலமோன். "ஆனா இத இப்ப மாட்ட முடியாதே."

மூன்று பேரும் அறுபட்டுக் கிடந்த சிவப்பு ஃபில்டரைப் பார்த்தார்கள். கிரிதர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். சாலமோனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, துக்க வீடு என்று அடக்கிப் பார்த்தும் முடியாமல், தோள் குலுங்கத் திரும்பி நின்றுகொண்டான். "அண்ணாத்தைக்கு ஏத்த சம்சாரம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். கிரிதருக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு எங்கேயோ திரும்பிக் கண்ணில் நீர் முட்டியது. சட்டையால் துடைத்துக்கொண்டான்.

மிச்சம் மஞ்சள் ஒன்றுதான். அதையும் அறுத்தால் டாக்ஸிதான்.

பிரபாவதி டார்ச்சை எடுத்தாள். மஞ்சளைக் கையில் கவிழ்த்து, துளைகள் வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தாள். ஈர்க்குச்சியால் ஒரு துளைக்குள் மெல்லக் குத்தினாள். ரப்பர் எழும்பியது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் எழும்பியது. மடிப்பு தெரியவில்லை. எவ்வளவு சாய்த்தும் தெரியவில்லை.

"முப்பது கிலோமீட்டர் போய் வர இது தாங்குமா?"

"தாராளமா."

"அப்ப மாட்டு."

சாலமோன் வண்டிக்கடியில் நுழைந்து, பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பார்த்தான். அது நின்று, மேலே புதுசும் ஏறினால் பாதி வழியில் ஆயில் மொத்தமும் ரோட்டில் போய்விடும் என்றான். இல்லை, அண்ணாத்த துடைத்தே வைத்திருக்கிறார் என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஃபில்டரைக் கேட்டுக் கை நீட்டினான். பிரபாவதி உடனே கொடுக்கவில்லை. புது ஆயில் கேனைத் திறந்து, ஆள்காட்டி விரலை நனைத்து, கசியாமல் பதியும்படி ரப்பர் வளையத்தைச் சுற்றி ஒரு வட்டம் தடவினாள். தடவிவிட்டுக் கொடுத்தாள்.

ஆயில் ஊற்றினார்கள். கிரிதர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சாலமோன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். சம்பத் செய்தி கேட்டு டாக்ஸியை அனுப்பிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பின் ஸீட்டில் பால் சொம்போடு ஏறினார். பிரபாவதி முன் ஸீட்டில் வெள்ளைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு, கையால் நீவிவிட்டாள். சுடுகாட்டிலிருந்து அப்படியே கடலுக்குப் போய்விடுவார்கள். பானை வீட்டுப் பக்கம் வரக் கூடாது.

"ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏத்து," என்றாள்.

கிரிதர் தலையாட்டினான். ஒன்பது அடித்ததும் வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. சத்தம் தேயும்வரை அவள் நின்றாள். கிரிதர் செல்போனை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

உள்ளே வந்து, விரலில் இருந்த ஆயிலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடைசியாகப் போட்ட நம்பரைத் தேடி அழுத்தினாள்.

"ஷபானா, செவப்பு டப்பாம்மா. அதுல ஒரு டஜன் எடுத்து வெச்சிடு."

"சந்தோசம்மா. இப்பவே எழுதிக்கறேன்." மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "சாரே அறுத்துப் பாத்துச் சொன்னதுதானே?"