சாமி ரூம் லைட்டு

சாமி ரூமில் முன்பு இருந்தது பிளாஸ்டிக் லைட்டு. கரண்டு ஓடும் இடத்துக்கு இரட்டை உறை போட்டது; எர்த் ஒயர் தேவையில்லை. அதனால் அந்தச் சுவரில் எர்த்தே இழுக்கவில்லை. சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்களென்று சிவபிரகாஷ் அந்தப் பிளாஸ்டிக் லைட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பித்தளை லைட்டைத் தானே மாட்டினான்.

காலையில் ஈரத்தரையில் நின்று அதைத் துடைத்த மனைவி கோகிலவாணியை ஷாக் அடித்துத் தள்ளியது.

"பித்தளைக்கு எர்த் வேணும்னு எலக்ட்ரீசியன் அப்பவே சொன்னாருங்களே! கழட்டீட்டுப் பழசையே மாட்டுங்க."

"சாயங்காலம் எல்லாரும் பாக்க வாராங்க. செருப்பப் போட்டுட்டுத் தொடை, ஒண்ணும் பண்ணாது," என்று ரப்பர் செருப்பைச் சாமி ரூமுக்குள் காலால் தள்ளினான்.

அவள் அந்தச் செருப்பையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். தூ, பெண்டாட்டி செத்தாலும் பித்தளை மின்னவேண்டும் இவனுக்கு!

சாயங்காலம் வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார்கள். கோகிலவாணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கழட்டாதீங்க. எங்க ஊட்டுல செருப்போடதான் சாமி கும்புடோணும். இவரு மாட்டுன லைட்டு அப்படிங்க."