காப்பாற்றிய கை

எனக்குக் கோபம் அதிகம். கோர்ட்டில் ‘வெடிமருந்து மாரப்பன்’ என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலக்கடலை போட்ட குடும்பத்தில் பிறந்து, பாலக்காட்டில் வக்கீலாகி, லஞ்ச வழக்குகளில் அரசுத் தரப்புக்கு நிற்க ஆரம்பித்தபோது, சண்டை போடுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களா என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

அந்த வேலை பெரும்பாலும் காகிதச் சண்டைதான். பர்மிட், லைசென்ஸ், ரேஷன் கோட்டா, அதில் கை நீட்டிய அதிகாரிகள். கூண்டில் ஏறியதும் எல்லோருக்கும் ரத்தக்கொதிப்பு வந்துவிடும். அவசரநிலைக்குச் சற்று முன்னால் என்னிடம் வந்த சின்னமுத்துவின் வழக்கு மட்டும் அப்படி இருக்கவில்லை.

சின்னமுத்து மறையூரில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிறவர். மறையூர் வெல்லத்தை அச்சில் வார்ப்பதில்லை. பாகு கெட்டிப்படும்போது சூட்டோடு சூடாகக் கையால் உருட்டுவார்கள். அவருக்குக் கைதான் சோறு. வெல்லம் ஏற்றிய லாரி வெளியே போகும் வழியில் ஒரு செக்போஸ்ட் உண்டு, எது என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த வனத்துறை ரேஞ்சர் சகாயம், சந்தனக்கட்டை தேடுகிறேன் என்று சாக்குகளைக் கத்தியால் கிழித்து வெல்லத்தை ரோட்டுப் புழுதியில் கொட்டுவார். பணம் கொடுத்தவர்கள் சாக்கில் மட்டும் சந்தனம் இருக்கவே இருக்காது. சின்னமுத்து எதிர்த்துக் கேட்டதற்கு லத்தியால் வாயில் அடித்தார். முன்பல் உடைந்த வாயோடுதான் அவர் விஜிலன்ஸுக்கு வந்தார்.

இன்ஸ்பெக்டர் பொறி வைத்தார். நோட்டில் ஒரு வெள்ளைப் பொடி தடவுவார்கள். வாங்கினவன் விரலைச் சோடா உப்புத் தண்ணீரில் முக்கினால் தண்ணீர் சிவக்கும். கையிலிருந்து கைக்குத்தான் கொடுக்க வேண்டும், பொடி வேறெதிலும் படக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னமுத்துவும் தலையாட்டினார்.

அன்று நடந்தபோது நான் அங்கே இல்லை. சின்னமுத்துவும் போலீஸ்காரர்களும் சொன்னதைச் சொல்கிறேன். போலீஸ்காரர்கள் கரும்புக்குள் பதுங்கியிருந்தார்கள். ஆலைக்கொட்டகையில் கொப்பரை நிறையப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பணம் வாங்க ரேஞ்சர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சின்னமுத்து நோட்டுகளைக் கையில் கொடுக்கவில்லை. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து, அதன் மேல் பணத்தை வைத்து நீட்டினார்.

ரேஞ்சர் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். நோட்டுகளை இடது கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வெற்றிலையை எடுத்து, ஈரச் சுண்ணாம்பை விரலால் தொட்டார். சோடா உப்பு செய்கிற வேலையைச் சுண்ணாம்பும் செய்யும். விரல் சிவந்தது. வேட்டியில் துடைத்தார், வேட்டியும் சிவந்தது. இப்படி மாட்டிக்கொண்ட அதிகாரிகளைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருக்கிறார்.

நோட்டுகளை அடுப்பில் எறிந்தார். சின்னமுத்துவின் வலது கையை முழங்கைக்குக் கீழே பிடித்து இழுத்துக் கொதிக்கும் பாகுக்குள் அழுத்தினார். தண்ணீராக இருந்திருந்தால் வழிந்தாவது போயிருக்கும். பாகு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். அலறல் கேட்டுப் போலீஸ்காரர்கள் ஓடி வந்தபோது, ரேஞ்சர் அதே கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். “குடிச்சுட்டு விழுந்துட்டான். தண்ணி கொண்டாங்கடா” என்று அவரே சத்தம் போட்டார்.

மூணாறு ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது, சின்னமுத்துவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எந்த விரல் என்று தெரியாமல் இருந்தன. மனைவி ராமுத்தாய் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்தது கோபம்தான்.

“ஏனுங்க, கையிலதானுங்க குடுக்கச் சொன்னாங்க? தட்டுல எதுக்குங்க வெச்சீங்க?”

“வெறுங்கையில எப்படிய்யா நீட்றது?” என்றார் அவர், நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதைப் போல. “லஞ்சமாவே இருக்கட்டும். எங்கூட்டு வாசப்படி ஏறி வந்த மனுசன்ல. கூலி குடுத்தாலும் வெத்தல வச்சுத்தானய்யா குடுப்போம்.”

தன் பல்லை உடைத்தவனை ஜெயிலுக்கு அனுப்பக் கூப்பிட்டுவிட்டு, அவனுக்கும் மரியாதை செய்திருக்கிறார். அந்த மரியாதை எங்கள் வழக்கின் கழுத்தை அறுத்துவிட்டது. நோட்டு சாம்பலாகிவிட்டது. விரல் சிவந்தது ஏன் என்றால், தாம்பூலத் தட்டைத் தொட்டேன், பணத்தைத் தொடவில்லை என்று ரேஞ்சர் சொல்லலாம். முழங்கைக்குக் கீழே அவர் விரல் பதிந்த தடம் ஏன் என்றால், காப்பாற்ற இழுத்தேன் என்று சொல்லலாம். மறையூரில் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் பேசினார்கள். குடிகாரனைக் காப்பாற்றப் போய் நல்ல மனுஷன் மாட்டிக்கொண்டானாம். சின்னமுத்து குடிக்கிறவரே இல்லை. கை போனதைவிட அந்தப் பேச்சுதான் அவரை அரித்தது. வழக்கில் மிச்சம் இருந்தது அவர் வாய் ஒன்றுதான்.

அந்த வாயை ரேஞ்சரின் ஆட்கள் அடைக்கப் பார்த்தார்கள். விசாரணைக்கு முந்தின வாரம், பட்டப்பகலில் மூணாறு பஸ்ஸை மறித்து, சின்னமுத்துவை இறக்கி, தேயிலைக்குள் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது. ராமுத்தாய் கூடையிலிருந்த கரும்புக் கத்தியை எடுத்து ஒருவன் தோளில் இறக்கினார். ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். பஸ்ஸில் இருந்த ஒருவரும் இறங்கவில்லை. அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னிடமும் ஆள் வந்தான். வெள்ளை வேட்டி, பழக்கூடை, பல்லெல்லாம் சிரிப்பு. சாட்சி வராவிட்டால் வழக்கு தானாகப் படுத்துவிடும், வக்கீலய்யா எதற்குச் சிரமப்படுகிறீர்கள் என்றான். மேசை மேலிருந்த பித்தளைப் பேப்பர்வெயிட்டை எடுத்து எறிந்தேன். நெற்றி கிழிந்து வேட்டியெல்லாம் ரத்தம். சட்டம் படித்தவன் செய்யக்கூடாத காரியம்தான். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஸ்பெஷல் கோர்ட்டில் சின்னமுத்து விலாவில் கட்டோடு கூண்டில் ஏறினார். மூச்சு விடவே வலித்தது. நடந்ததை அப்படியே சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். எங்களிடம் நோட்டு இல்லை, கொட்டகைக்குள் நடந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை என்பதையெல்லாம் நிதானமாக எடுத்து வைத்தார். நீதிபதியின் முகத்தில் சந்தேகம் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வக்கீல் குரலைத் தாழ்த்தினார். உயிரைக் காப்பாற்றிய கையின் மேலேயே பழி போடுகிறாயே, உனக்கு நன்றி என்பதே கிடையாதா என்று கேட்டார்.

ஆட்சேபிக்க நான் எழுந்தேன். சின்னமுத்து முந்திக்கொண்டார்.

“காப்பாத்துன கைதான்னா நீட்டச் சொல்லுங்கய்யா. கண்ணுல ஒத்திக்கிறேன்.”

யாரும் எதிர்பார்க்காமல் கூண்டிலிருந்து இறங்கினார். போலீஸ்காரர் ஒருவர் தடுக்க வந்தார். நீதிபதி கையமர்த்தினார், அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். விலாவைப் பிடித்தபடி சின்னமுத்து குற்றவாளிக் கூண்டு வரை நடந்தார். வலது கையில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து விழுந்தது. உருகி உறைந்த அந்தக் கையையும் நல்ல கையையும் சேர்த்து, பிரசாதம் வாங்குவதைப் போல ரேஞ்சர் முன்னால் ஏந்தினார்.

“தாங்கய்யா. ஒரே ஒரு தடவ.”

நீட்டியிருந்தால் சகாயம் அன்றைக்கு ஜெயித்திருப்பார். நல்லவரைப் போலத் தலையைத் தடவிக் கொடுத்திருந்தாலே போதும். அவரால் முடியவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு அடி பின்னால் வைத்தார், இன்னொரு அடி வைத்தார். கூண்டின் கம்பி முதுகில் இடித்தது. அந்த வெந்த கை இன்னும் அவர் முன்னால் ஏந்தியபடியே இருந்தது. அவர் முகம் வெளுத்து, உதடு கோணி, “தள்ளிப் போடா” என்றார். அந்தக் குரல் கோர்ட் முழுக்கக் கேட்டது.

நீதிபதி குனிந்து எழுதத் தொடங்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் நான் வாயைத் திறக்காமல் ஜெயித்த வழக்கு அது ஒன்றுதான்.

தண்டனை சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் ராமுத்தாய் சோறு பிசைந்து சின்னமுத்துவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் போட்டிருக்கிறார்கள், அபராதம் எவ்வளவு என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“அய்யா, அன்னைக்குக் கைய ஒளிச்சாருல்ல” என்றார். “அப்படின்னா நான் குடிச்சுட்டு விழலேன்னு அவருக்கும் நெனப்பு இருக்கு.”

கை வெந்த நாளிலிருந்து அந்த மனிதர் வலியில் அலறினாரே தவிர ஒரு நாளும் அழவில்லை என்று ராமுத்தாய் என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது வாயில் சோற்றோடு அழுதார்.