மஞ்சள் பூசிய கல்

போன மழையில் மனைவி ஆராயியைக் கொண்டுபோன வெள்ளம் எந்தப் பாழாய்ப்போன வழியாக வந்தது என்று தெரிந்தாக வேண்டும் நீலமேகத்துக்கு. தூர்ந்துபோன உப்புக் கால்வாயைத் தேடி, கோவளத்திலிருந்து குடோன் சுவர்களை ஒட்டியே நடந்தார். அங்கங்கே, கழுத்தில் கயிறு அறுத்த பள்ளத்தோடு கற்கள் நின்றன.

“இன்னா கல்லு இது?” என்று கூட வந்த லோகுவைக் கேட்டார்.

“உப்புப் படகு கட்டுனது அண்ணாத்த. இது நிக்கிற எடமெல்லாம் கால்வாய்க் கரைதான்.”

நீலமேகம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். படூரில் அவர்கள் வாங்கிய மனையிலும் இதே கல் நின்றது. ஆராயி அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

“நமக்கு முன்னாடியே சாமி வந்து குந்திகினு கீது. வூட்ட அது பாத்துக்கும்” என்றாள்.

வெள்ளம் ஏறிய அன்று, அவர் மாடியிலிருந்து கூப்பிடக் கூப்பிட, விளக்கோடு அதனிடம்தான் போனாள்.