மூன்றாவது விண்ணப்பம்

நான் செத்துப்போன விஷயம் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில்தான் எனக்கே தெரியவந்தது. அப்போது என் ஒரு கையில் எலுமிச்சைச் சாறும் இன்னொரு கையில் அம்மா கொடுத்தனுப்பிய சாக்லேட் கேக்கும் இருந்தன.

என் தம்பி வென்டல் டாக்டராகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். கல்லூரியில் முதல் இரண்டு வருஷம் பீரும் வீடியோ கேமுமாகக் கழிந்ததில் மார்க் பாழாகிவிட்டது. மருத்துவக் கல்லூரிகளுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தான். ஒரு இடத்திலிருந்துகூட நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. இப்படி வாசலிலேயே நிற்கிறவர்களுக்கென்று ஒரு வருஷ முதுகலைப் படிப்பு இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பு, அதே பரீட்சை, அறுத்துப் பார்க்க அதே பிணம். அவர்களுக்குப் பாஸானால் போதும். இவர்களோ அவர்களுடைய சராசரியைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் அதே கல்லூரியில் நேர்காணல் உறுதி, தாண்டாவிட்டால் சுவரில் மாட்ட ஒரு பட்டம் மிஞ்சும். வென்டல் தாண்டிவிட்டான். அதற்குள் இருபது பவுண்டு இளைத்து, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு பார்க்கவே பயமாக இருந்தான்.

அன்றைக்கு அந்தப் பிணங்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம். உடலைத் தானம் செய்தவர்களின் குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. வென்டல் என்னைக் கூப்பிடவில்லை. நேர்காணலுக்கு முன்னால் பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று கேக்கைச் செய்து, அம்மாதான் என்னை ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வைத்தாள். அவன் அறை பூட்டியிருந்தது. கூட்டத்தில் இருப்பான் என்று பக்கத்து அறைப் பெண் சொன்னாள். வந்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் அந்தப் படிப்புக்குத் தலைவரான டாக்டர் டாலிவர் என்ற அம்மாள், நரைத்த முடியும் கனிந்த முகமுமாக நின்றிருந்தார்.

"யாரு வென்டல் இவங்க?"

"எங்க சித்தி பொண்ணு," என்றான். "ரோண்டா."

எங்களுக்குச் சித்தியே கிடையாது.

அந்த அம்மாள் கேக்கை மேசையில் வைக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ லோர்னாவ உங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கும். வென்டல் விண்ணப்பத்துல அவங்களப் பத்தி எழுதினதப் படிச்சிட்டு நான் அழுதுட்டேம்மா. அந்த வயசுல அக்காவப் பறிகுடுக்கறதுன்னா சும்மாவா? மார்க் ஏன் விழுந்துச்சுன்னு அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல."

நான்தான் லோர்னா. வென்டல் என்னைப் பார்த்த பார்வை, அடிக்கக் கையோங்கியவனை நாய் பார்க்கிற பார்வை. நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சிபாரிசுக் கடிதத்தை எழுதியவரே இந்த அம்மாள்தான். நான் வாயைத் திறந்தால் அவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்த மருத்துவக் கல்லூரியும் அவனைச் சீண்டாது.

"எப்படிப்பட்டவங்கம்மா அவங்க?"

"எதுக்கெடுத்தாலும் சிரிப்பா," என்றேன். "யார் சட்டையா இருந்தாலும் கேக்காம எடுத்துப் போட்டுக்குவா. கார்ல பாட்டு வந்தா கூடவே கத்துவா. போதை ஊசி போட்டுக்க ஆரம்பிச்சப்புறம் வீட்டுல யாருக்கும் அவ மூஞ்சில முழிக்கப் பிடிக்கல. இப்போ எல்லாருக்கும் பிடிக்குதுங்க."

டாக்டர் டாலிவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டார். அந்தச் செத்தவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை அப்படி யாரும் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன்.

"எப்போடா என்னைக் கொன்ன?"

"மெதுவாப் பேசு."

"செத்தவளுக்கு என்னடா பயம்? சொல்லு."

"அந்த நவம்பர்ல. நீ பாத்ரூம்ல விழுந்து கெடந்தியே, அன்னிக்கு. நான் வந்து பாக்கறப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதினேன்."

ஒன்றும் முடிந்துபோகவில்லை. அவன் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். என் மூக்கில் போதையை முறிக்கிற மருந்தை அடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பதினோரு நிமிஷம் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். அதில் என் விலா எலும்பு இரண்டு முறிந்தது. அப்போது அவனுக்கு இருபது வயசு. எனக்காக இந்த உலகத்தில் ஒருவர் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அதையே அவன் இல்லை என்று எழுதிவிட்டான்.

"என்னைக் காப்பாத்தினேன்னு எழுதியிருக்கலாமேடா?"

"எழுதினேனே! ரெண்டு தடவையும் அதத்தான் எழுதினேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. ஒரு காலேஜுக்கு ஃபோன் போட்டு என்ன குறைன்னு கேட்டேன். அக்கா இப்போ எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. நீ அப்போ மறுபடியும் ஆஸ்பத்திரில கெடந்த. நான் என்னத்தச் சொல்றது? முடிஞ்சுபோன கஷ்டம்தான் அவங்களுக்கு வேணும், லோர்னா. உன் கஷ்டம் முடியற மாதிரியே தெரியல."

"இருபத்திரெண்டு மாசமா நான் எதையும் தொடலடா."

"தெரியும்," என்று சொல்லி அழுதான்.

அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கையால்தான் ஒருகாலத்தில் அவன் மடிக்கணினியைத் திருடி விற்று ஊசி போட்டுக்கொண்டேன். அவன் பரீட்சைக்கு முந்தின நாள் அது. அதை நினைத்து வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. வயிறு எரிந்துகொண்டேதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

மே மாதக் கடைசியில் இடம் கிடைத்துவிட்டது. அம்மா செய்தியைச் சொல்ல எதிர்வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். வென்டல் கிண்ணத்தில் இருந்த பீன்ஸை ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தான், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"உன் வால்வு செக்கப் எப்போ?"

ஊசி வழியாகப் போன கிருமி என் இதயத்தில் ஒரு வால்வைத் தின்றுவிட்டது. மாற்று வால்வு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் சேரப்போகிற அதே கல்லூரியின் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். எங்கள் மலைப்பக்கத்தில் அதற்கு வேறு இடம் கிடையாது.

"ஜூன் ஒம்பது," என்றேன்.

"அங்கதான் நாலு வருஷம் இருக்கப்போறேன். உன் ஃபைல்ல அவசரத்துக்குக் கூப்பிட என் பேரு இருக்கு. யாராவது ஒரு நாள் கவனிச்சிட்டாங்கன்னா... சின்சினாட்டில நல்ல டாக்டருங்க இருக்காங்க. மூணரை மணி நேரம்தான்."

"நெஞ்சு வலி வந்தா மூணரை மணி நேரம் தாங்குமாடா? நீதான டாக்டர், சொல்லு."

அவனுக்குப் பதில் தெரியும். அந்தப் பாடத்தில் அவன் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தான். தலையைக் குனிந்துகொண்டு கிளறினான்.

"சரி விடு," என்றேன். அம்மா எதிர்வீட்டுக்காரியோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் சலவை ஆலையில் இடைவேளை விட்டதும் வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவள் குரல் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழக்கம் இன்னும் இருக்கா?" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்கிறவள்.

"லோர்னா ஸ்கீன்ங்கற பேர்ல ஜூன் ஒம்பதாம் தேதி அப்பாயின்ட்மென்ட் இருக்கு. அத ரத்து பண்ணணும்."

"வேற தேதி போடட்டுமா?"

"வேணாங்க. ஃபைலயே மூடிருங்க. அவங்க இறந்துட்டாங்க."

"அடக் கடவுளே. ரொம்ப வருத்தமா இருக்கும்மா." அவளிடம் இப்படி ஒரு குரல் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. "சின்ன வயசாச்சே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"சித்தி பொண்ணு."

"இதுல தம்பி வென்டல்னு ஒருத்தர் பேரு போட்டிருக்கு. அவருக்கு விஷயம் தெரியுமாம்மா?"

"அவருக்குத்தாங்க மொதல்ல தெரியும்," என்றேன்.