வயலட்டின் உரத்த ஜெபம்

வயலட்டின் குரல் ஊரறிந்த குரல். கோட்டுகாலுக்குத் தெற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிற அந்த வீடுகளில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜெபமாலை சொல்லாத வீடு கிடையாது. ஆனால் நாலு வீடு தாண்டிக் கேட்கும்படி சொல்கிறவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வதுதான் முறை. வயலட் இரண்டு பாதியையும் தானே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்பு மாதா கோயில் திருநாளில் 'சிறந்த ஜெபக் குடும்பம்' என்று அவளுக்குக் கண்ணாடி போட்ட மாதா படம் ஒன்று கொடுத்தார்கள். அவளும் தம்பி ஜெனிஸும் அவன் மனைவி டெல்னாவும் குழந்தை அலோனாவும் மேடையேறி வாங்கினார்கள். அப்போது எடுத்த போட்டோ இன்றைக்கு நெய்யாற்றின்கரை குடும்ப நீதிமன்றத்தில், ஜெனிஸின் தரப்பு ஆவணங்களோடு இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்பு டெல்னா இடது கை ஒடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெனிஸ் மருந்து வாங்கப் போன நேரத்தில், அங்கிருந்தே பஸ் பிடித்துப் பாறசாலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அலோனா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிள்ளையை அனுப்ப முடியாது என்று ஜெனிஸ் சொல்லிவிட்டான். இப்போது டெல்னா பாலராமபுரத்தில் ஒரு சேலைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். விவாகரத்தும் வேண்டும், ஆறு வயது மகளும் வேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிறாள். கை நீட்டியதே இல்லை என்கிறான் ஜெனிஸ். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'துணி துவைக்கும் கல்லில் வழுக்கி விழுந்தது' என்று இருந்தது. அதைச் சொன்னதும் டெல்னாதான். சொல்லும்போது ஜெனிஸ் பக்கத்தில் நின்றிருந்தான்.

அடுத்த வீட்டுப் புஷ்பபாயும் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டாள். "அந்த வீட்டுலேந்து ஜெபச் சத்தம் அல்லாத வேற ஒரு சத்தமும் நான் கேட்டதில்ல" என்றாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது வயலட்.

"ஒங்களுக்கு ஒரு பிரயாசமும் இல்ல" என்றார் ஜெனிஸின் வக்கீல் சதாசிவன். "அந்தப் பெண்ணு மனுவுல ஒங்களப் பற்றி ஒரு குற்றமும் எழுதல்ல. அதுவே நமக்கு பலமாக்கும். தெனமும் சந்திக்கு வெளக்கு வச்சா ஜெபம் உண்டு, வழக்கு வக்காணம், அடிபிடி ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொன்னா போதும். பிள்ள ஒங்க கூடத்தான் இருக்கும்."

பிள்ளை உங்கள் கூடத்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லில் வயலட் விழுந்துவிட்டாள். கல்யாணம் முடிந்து இரண்டாம் வருடமே கடல் அவள் புருஷனைக் கொண்டுபோனது. வயிற்றில் ஒன்றும் இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி, தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கினாள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று வாய்த்தது, இரவில் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கும் அலோனா ஒருத்திதான். அதையும் கொடு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. டெல்னா மனுவில் அவளைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை?

ஜெனிஸ் குடிக்கிறவன் அல்ல. குடித்திருந்தால் ஊர் ஒருவேளை டெல்னாவை நம்பியிருக்கும். விடியுமுன் கடலுக்குப் போய், மதியம் வந்து சாப்பிட்டுப் படுப்பான். சந்திக்கு எழுந்திருக்கும்போது முகம் கறுத்திருந்தால், அன்றைக்கு உள்ளறைக் கதவு சாத்தப்படும். முதல்முறை அப்படிச் சாத்தப்பட்டபோது வயலட் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே டெல்னா கத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பபாய் தலையைத் தூக்கினாள். வயலட் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆணியிலிருந்த ஜெபமாலையை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து, தொண்டை கிழியச் சொல்ல ஆரம்பித்தாள். புஷ்பபாய் சிலுவை போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

அன்று பிடித்த வழக்கம் மூன்று வருடம் போனது. உள்ளே சத்தம் கூடினால் வெளியே ஜெபம் கூடும். வீட்டு மானம் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அந்த மானத்துக்கு யாருடைய எலும்பு ஒடிந்துகொண்டிருந்தது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலிருக்க ஜெபம் நல்ல வசதியாக இருந்தது.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெனிஸ் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். வள்ளத்தின் எஞ்சின் பழுதான சங்கதி. கோபத்தில் உள்ளறைக் கதவை அறைந்து சாத்தினான். உள்ளே அவனைத் தவிர யாரும் இல்லை.

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த அலோனா பென்சிலை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்த ஜெபமாலையை எடுத்து வயலட்டின் கையில் வைத்தாள்.

"மாமி, சொல்லு. சத்தமாச் சொல்லு."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஜன்னலை அடைத்தாள்.

"எதுக்கு மக்கா ஜன்னல அடைக்கிய?"

"அப்பம்தான வெளிய கேக்காது."

ஆறு வயது. அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? ஊர் மெச்சிய வயலட்டின் குரல்தான். அவள் ஜெபமாலையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஜெபம் நடக்கவில்லை.

மறுநாள் கூண்டில் நின்றபோது அவள் கண்ணில் முதலில் பட்டது டெல்னாவின் இடது கைதான். மணிக்கட்டு இன்னும் நேராகவில்லை. டெல்னாவின் வக்கீல் விமலகுமாரி, எல்லைப் பக்கத்துச் செங்கல் ஊர்க்காரி. கோர்ட்டுக்கு மலையாளம், சாட்சிக்குத் தமிழ் என்று இரண்டிலும் புகுந்து புறப்படுகிறவள்.

"ஒரு ஜெபமாலைக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"இருவது, இருவத்தஞ்சு நிமிஷம்."

"சில நாளு ஒரு மணிக்கூர் வர கேக்கும்னு ஒங்க அயலத்துப் புஷ்பபாய் சொன்னாளே. சில நாளு கேக்கவே கேக்காதாம். அது என்ன கணக்கு?"

சதாசிவன் எழுந்து, பக்திக்குக் கணக்கு உண்டா என்று ஆட்சேபம் சொன்னார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு வயலட்டைப் பார்த்தார்.

வயலட் தம்பியைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அவள் சீவி விட்ட அதே தலை. அவன் லேசாகத் தலையசைத்தான்; சொல்லு அக்கா என்கிற மாதிரி. பொய்யே சொல்ல வேண்டாம், 'பக்தி' என்று ஒரு வார்த்தை போதும். பிள்ளை இன்று ராத்திரியும் முந்தானையைச் சுற்றிக்கொண்டு தூங்கும். நாளைக்கும் ஸ்டூலில் ஏறும்.

"அவன் அடி நிறுத்துறது வர நான் ஜெபிப்பேன்" என்றாள். "அவ கத்திக் கரையிற சத்தம் வெளிய கேக்காம இருக்கத்தான் நான் சத்தமாச் சொன்னது. கல்லுல வழுக்கி ஒண்ணும் விழல்ல. அவனாக்கும் கைய ஒடிச்சது. நான் வாசல்ல இருந்து ஜெபிச்சிட்டு இருந்தேன்."

ஜெனிஸ் எழுந்து வெளியே போனான். போகும்போது, "இனி எனக்கு அக்கா இல்ல" என்றான், எல்லோருக்கும் கேட்டது.

வழக்கு முடிய இன்னும் நாளாகும். ஆனால் அதுவரை பிள்ளை தாயிடம் இருக்கட்டும், ஜெனிஸ் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அந்த வாரமே உத்தரவு வந்தது. கோர்ட்டில் ஆலோசனைக்கென்று இருக்கும் அறையில் வைத்துப் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். சாட்சி நாளிலிருந்து வீட்டுப் பக்கமே வராத ஜெனிஸ் அங்கும் வரவில்லை. வயலட்தான் அலோனாவின் உடுப்புகளை மடித்துப் பையில் போட்டு, இரட்டைச் சடை பின்னிக் கூட்டிப்போனாள். எட்டு மாதத்துக்குப் பிறகு தாயைக் கண்ட பிள்ளை, வயலட்டின் விரலை உதறிவிட்டு ஓடியது. அதுதான் நியாயம் என்று தெரிந்தும் வயலட்டுக்கு அழுகை வந்தது.

பையை வாங்கிக்கொண்டு டெல்னா வயலட்டின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களப் பற்றி மனுவுல ஒண்ணும் எழுதப்பிடாதுன்னு நான்தான் வக்கீல்கிட்ட சொன்னேன் மைனி."

"எதுக்கு மக்கா?" என்றாள் வயலட்.

"கதவு அடச்ச ஒடனே நீங்க தொடங்குவீங்க. எனக்காக ஜெபிக்கீங்கன்னாக்கும் நான் நெனச்சது. அந்த வீட்டுல எனக்கு ஒரு ஆளு உண்டுன்னு நெனச்சேன். பின்பாதிய நான் உள்ள கெடந்து சொல்லுவேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாறசாலை பஸ்ஸுக்கு நடந்தாள். அலோனா திரும்பி ஒருமுறை கையசைத்தாள்.

அன்று சந்திக்கு வயலட் விளக்கேற்றி, ஜெபமாலையை எடுத்து, வாசற்படியில் அல்ல, டெல்னா கிடந்த உள்ளறையில் போய் உட்கார்ந்தாள். முன்பாதியை மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். மூன்று வருடமாக இந்தச் சுவருக்கு உள்ளேயிருந்து ஒருத்தி பதில் சொல்லியிருக்கிறாள்; அவள் காதில் அது ஒருநாளும் விழவில்லை. இன்றைக்காவது கேட்காதா என்று வெகுநேரம் காது கொடுத்து இருந்தாள்.