முந்நூற்றுப் பதினொரு நாள்

கேக் கடைக்காரி என்ன எண் போட்ட மெழுகுவர்த்தி வேண்டும் என்று கேட்டபோது இருபத்தொன்று என்றேன். யோசிக்கவே இல்லை. பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா? மூன்றே நாளில் அந்தத் திமிர் அடங்கிவிட்டது. என் மகள் சம்யுக்தாவுக்கு ஒரு கணக்கில் இருபத்தொரு வயது தாண்டி ஆறு நாள். இன்னொரு கணக்கில் இருபது வயதும் இரண்டு மாதமும். இரண்டும் சட்டப்படி சரியாம். இதைக் கேட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

என் வீட்டுக்காரர் நல்லசிவம் இங்கே அமெரிக்காவில், ராலேயில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வரிசையில் நிற்கத் தொடங்கிப் பதின்மூன்று வருடம் ஆகிறது. படிப்பையும் வேலையையும் பார்த்து எங்களை இரண்டாம் வரிசையில் நிறுத்தினார்கள். மாதத்தின் நடுவில் அரசாங்கம் புல்லட்டின் என்று ஒன்றை வெளியிடும். எந்த வரிசையில் எந்தத் தேதி வரைக்கும் வந்திருக்கிறது என்று அதில் இருக்கும். நம் தேதி, அதாவது நாம் முதல் மனு போட்ட நாள், வந்துவிட்டால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாரும் சேர்ந்து கடைசி மனுவைப் போடலாம். பிள்ளைக்கு மட்டும் இருபத்தொன்று ஆகியிருக்கக் கூடாது. ஆகிவிட்டால் அது பிள்ளை இல்லை, யாரோ.

மூன்று வருடத்துக்கு முன்னால் மூன்றாம் வரிசை திடீரென்று வேகமாக நகர்ந்தது. ரேஷன் கடையில் பக்கத்து வரிசை நகர்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு தாவுகிற ஆட்கள்தானே நாம். ஊரே தாவியது, நாங்களும் தாவினோம். கம்பெனி மூலமாக மூன்றாம் வரிசைக்கு இன்னொரு மனு போட்டோம். பழைய மனு அப்படியே இருக்கும், பழைய தேதியும் நம்முடையதுதான், இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்றார்கள். அப்போது அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

இந்தச் செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி சம்யுவின் பிறந்தநாள். பதினைந்தாம் தேதி புல்லட்டின் வந்தது. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அசையாமல் இருந்தார்.

"ஏனுங்க, வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"நம்ம தேதிங்களா?"

"மூணாம் வரிசைல வந்துருச்சு."

"அப்புறம் என்னத்துக்கு எழவு விழுந்த மாதிரி உக்காந்துருக்கறீங்க?"

"சும்மா இரு அம்மிணி. தலை வலிக்குது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதின்மூன்று வருடம் காத்திருந்த தேதி வந்திருக்கிறது, மனிதருக்குத் தலைவலி. நான் பாட்டுக்குக் கேசரி கிண்டினேன். அதில் அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பிரபாகர் வந்தான். நெல்லூர்க்காரன். வேலூரில் படித்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. என்னை அண்ணி முறையில் வதினா என்று கூப்பிடுவான். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கென்று டெலிகிராமில் நாலாயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டம் நடத்துகிறான். வக்கீல்களே தன்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான். வந்தவன் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"வதினா, பாப்பா பொறந்தநாள் பதிமூணு. மனு போடற நாள் ஒண்ணாம் தேதி. பதினெட்டு நாள் தாண்டிருச்சு."

"பதினெட்டு நாளெல்லாம் ஒரு கணக்கா?"

"இருங்க, கழிவு இருக்கு. கம்பெனி போட்ட மனுவ கவர்மென்ட் எத்தனை நாள் முடிவு சொல்லாம வச்சிருந்தானோ, அத்தனை நாள பாப்பா வயசுல கழிச்சுக்கலாம். அவன் பண்ற தாமதத்துக்குப் புள்ளைங்க மாட்டிக்கக் கூடாதுல்ல?"

"நல்ல சட்டந்தான. கழிச்சுப் போடுங்க."

"கழிச்சுட்டேன். மூணாம் வரிசை மனு அவன்கிட்ட இருந்தது பன்னெண்டே நாள். பதினெட்டுல பன்னெண்டு போனா ஆறு."

"அதென்ன பன்னெண்டு நாள்? எல்லாத்துக்கும் வருசக்கணக்காப் பண்ணுவானே."

பிரபாகர் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்கதான் பிரீமியம் கட்டிட்டீங்களே வதினா."

கூடுதலாகப் பணம் கட்டினால் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள், அதற்குப் பெயர் பிரீமியம். கட்டச் சொன்னது நான். சாதாரணமாகவே போடலாம், ஒரு வருடம் ஆகுமாம், ஆகட்டுமே, வரிசைதான் நகர வேண்டும் என்று இவர் சொன்னார். நான்தான் மாடிப்படியில் நின்றுகொண்டு கத்தினேன். எல்லாத்துக்கும் காத்துக்கிட்டே கிடந்தா கிழவியாகித்தான் கார்டு வாங்கணும், ஒரு தடவையாவது சீக்கிரம் நடக்கட்டும் என்று ஆடினேன். பன்னிரண்டாம் நாள் மனு தேறியது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன்.

"அப்ப சாதாரணமாப் போட்டிருந்தா?"

"ஒரு ஏழெட்டு மாசம் கெடந்திருக்கும். பாப்பா தாராளமா உள்ள வந்திருப்பா."

"அந்தப் பழைய மனு? ரெண்டாம் வரிசைது?"

"அது கெடந்தது முந்நூத்திப் பதினொரு நாள். அந்த வரிசைல பாத்தா பாப்பாவுக்கு இருபது வயசு, ரெண்டு மாசம். ஆனா அந்த வரிசை உங்க தேதிக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி. அடுத்த புல்லட்டின்லயே வந்தாலும் வரும், ரெண்டு வருசம் ஆனாலும் ஆகும். ஜூலைக்குள்ள வந்தா பாப்பாவுக்கு உண்டு."

"எனக்கு ஒரு எழவும் புரியல. அவளுக்கு இப்ப என்ன வயசுன்னு மட்டும் சொல்லுங்க."

"எந்த வரிசைல கேக்கறீங்க?"

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான்.

அந்த முந்நூற்றுப் பதினொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவர் கோயமுத்தூரில் வாங்கிய எம்.சி.ஏ. பட்டம் ஒரு பட்டம்தானா என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் எழுந்ததும் அந்த ஆபீஸ்காரர்களைத் திட்டிவிட்டுத்தான் பல் துலக்கினேன். நான் சபித்த அந்த நாட்கள்தான் இப்போது என் பிள்ளைக்கு மிச்சம். நான் லட்டு கொடுத்துக் கொண்டாடிய பன்னிரண்டு நாள் அவளை வெளியே தள்ளுகிறது. இந்த ஊர்ச் சட்டத்தில் எதற்குச் சந்தோஷப்பட வேண்டும், எதற்கு அழ வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

பிரபாகர் மிச்சத்தையும் சொன்னான். மூன்றாம் வரிசையில் நாங்கள் இரண்டு பேரும் இப்போதே போடலாம், சம்யுவுக்கு இல்லை. போட்டுவிட்டு இரண்டாம் வரிசையும் வரட்டும் என்று இருக்க முடியாது. ஏனென்றால் இப்போது மூன்று மாதத்தில் கார்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பழைய மனுவால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அப்புறம் நாங்கள் அவளுக்குத் தனியாக மனு போடலாம். அது வேறொரு வரிசை, எட்டு ஒன்பது வருடம்.

அவன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு இவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆடி மாசமே தெரியும். தேதி எப்படி வந்தாலும் இடிக்கும்னு வக்கீல் சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சோறு திங்க மாட்ட."

பிரீமியம் கட்ட வைத்ததற்கு இவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இரண்டு மாதம் மனதில் வைத்துக்கொண்டு நான் வைத்த ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்ட மனிதரை என்ன செய்வது? அழுகைதான் வந்தது. அழுதேன்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வக்கீல் ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. காலையில் எழுந்தால் மூன்றாம் வரிசைதான் சரி என்று படும். இவர் ஆபீசில் இரண்டு தடவை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மூன்றாவது தடவையில் இவர் பெயர் வந்தால் அறுபது நாளில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். மத்தியானம் துணி மடிக்கும்போது சம்யுவின் பழைய சட்டை ஒன்று கையில் வரும், இரண்டாம் வரிசைதான் என்று முடிவு செய்வேன். யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில். கோயிலில் ஒரு அம்மா, இருபத்தொன்று ஆகிவிட்டால் கல்யாணம் பண்ணி வைத்துவிடுங்கள், மாப்பிள்ளை பார்த்துக்கொள்வான் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

சனிக்கிழமை சம்யு காலேஜிலிருந்து வந்தாள். இரண்டரை மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா ஏற்கெனவே போனில் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு பேரும் மூணுல போடுங்க. நான் என்னைப் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துக்குவ?"

"இப்பவே ஸ்டூடன்ட் விசாலதான இருக்கேன். நர்ஸிங் முடிச்சுட்டு வேலைக்குப் போவேன். எவனாவது எனக்கு மனு போடுவான்."

"போட்டா எங்க நிப்ப?"

"அப்பா நின்ன வரிசைலதான், கடைசில. எழுபது வயசுல வந்துரும்னு பிரபாகர் மாமா சொல்றாரு." சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"நாங்க மூணுல போடல சாமி. ஜூலை வரைக்கும் பாக்கறோம்."

"அம்மா, நீ பிரீமியம் கட்டச் சொன்னதுக்காக இப்படிப் பண்ற. எனக்குத் தெரியும்."

"ஆமா, அதுக்குந்தான். இல்லன்னு சொல்லுவனா?"

"கட்டச் சொன்னது அவ," என்றார் இவர். "கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு பேர் தப்பும்தான். இதுல நீ ஒருத்தி மட்டும் வெளிய நிக்கறது என்ன நியாயம் கண்ணு?"

"அதுக்குள்ள மூணாவது வரிசை தேதி பின்னால போயிருச்சுன்னா? உங்களுக்கு வேலை போயிருச்சுன்னா?"

நான் சொன்னேன்.

"நானும் அப்பாவும் பெட்டி கட்டுவோம். நீ படிச்சு முடிச்சுட்டு வா."

"கோபிக்கா?"

"கோபிக்குத்தான். நம்ம ஊர விட்டா வேற எங்க போறது?"

சம்யு கோபப்பட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து மேஜையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்படின்னா எனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் குடு. பஸ் போர்டு படிக்கற அளவுக்காவது."

நான் செய்தது சரியா, இன்னொரு பிரீமியமா என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது. மளிகைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பெரிய எழுத்தில் ஈரோடு என்று எழுதி அவள் பக்கம் தள்ளினேன். அவள் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, அப்பா ஒன்றொன்றாகச் சொல்லித்தர, மெதுவாகப் படித்தாள்.