மதியம் வரை பேசாத வீடு

காலையில் தம்பி தூக்கிக் காட்டிய உள்ளங்கை அவள் பக்கமாக விரிந்திருந்ததா, விரல்கள் மடங்கி அவளை அழைத்தனவா என்று அக்காவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்பியின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் நினைத்துப் பார்த்தால் விரிந்த கை தெரிந்தது. மறு தரம் மடங்கிய விரல்கள் தெரிந்தன. யோசிக்க யோசிக்க, கையைப் பார்த்ததே நிஜம்தானா என்றும் தோன்றியது. பார்த்தது நிஜம். பார்த்துவிட்டுச் சிரித்ததும் நிஜம்.

"பொத்தான் ஒண்ணு மாறிப் போச்சுக்கா," என்றார் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் மெக்கானிக். அவரும் அவர் மனைவியும்தான் பின்வாசல் படியிலிருந்து தம்பியின் உடலைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தியவர்கள்.

அக்கா எல்லாவற்றையும் கழற்றி, கழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஆயுசு முழுக்கச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துப் பிழைத்தவள் அவள்.

தம்பிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எப்போது கிளம்பும் என்று காலை முதல் மாலை வரை மைக்கில் கத்த வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்து, மகளுக்கும் கல்யாணமாகி, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் அவனை விடவில்லை. தூக்கத்தில் பேருந்துகளை அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு நாள் தனியாக இருந்த அக்காவிடம் வந்து, கிராமத்து ஓரமாக ஒரு சின்ன வீடு பார்த்திருப்பதாகவும், பின்னால் காய்கறி போட இடம் இருப்பதாகவும் சொன்னான். வருகிறாயா என்று கேட்டான். வந்தால் ஒரு நிபந்தனை: மதியம் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

"உன் வாய்க்குத்தானே ரெஸ்ட் வேணும். என் வாய் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"உன் வாய் திறந்தா என் வாய் பதில் சொல்லும். அதுக்குப் பழக்கம் அப்படி."

கிராமம் ஒன்றும் அமைதியாக இல்லை. மழை பெய்தால் தவளைகள் விடிய விடியக் கத்தின. விடிந்ததும் மெக்கானிக் வீட்டுச் சேவல், அப்புறம் அவருடைய தண்ணீர் மோட்டார். இதற்கு பஸ் ஸ்டாண்டே தேவலாம் என்று தம்பியே முதல் மாதம் முழுக்கப் புலம்பினான், மதியத்துக்கு மேல். ஆனால் மனிதக் குரல் இல்லாத காலைப்பொழுது அவனுக்குப் பிடித்துப்போனது. முதலில் எரிச்சல்பட்ட அக்காவுக்கும் மெல்ல மெல்லப் பிடித்தது. பேசாமல் இருக்கும்போது ஒருவர் இருப்பது இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதை அவனிடம் சொன்னதில்லை. மெக்கானிக்கின் மனைவி மட்டும், இருவருக்கும் ஏதோ சொத்துத் தகராறு என்று எண்ணி, ஒரு காலையில் சமாதானம் பேச வந்துவிட்டாள். இருவரும் அவளுக்குச் சைகையில் பதில் சொல்ல, பயந்துபோய்த் திரும்பினாள்.

சைகைகள் தாமாக உண்டாயின. விரித்த கை என்றால் வேண்டாம், வராதே. மடக்கிய விரல் என்றால் வா. கொஞ்ச நாளில் அது விளையாட்டாகவும் ஆனது. மதியத்துக்கு முன் யார் பேசினாலும் அன்று இரவுப் பாத்திரம் அவர் தலையில். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நின்றால் மதியம் என்று கணக்கு. அக்காவைப் பேச வைக்கத் தம்பி செய்யாத சேட்டை இல்லை. அவரைப் பந்தலுக்குப் பின்னாலிருந்து முகத்தைக் கோணிக் காட்டுவான். அவள் காலடியில் பாம்பு இருப்பதுபோல் கண்ணை உருட்டுவான். பெரும்பாலும் அவளே தோற்றாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் என்ன செய்தாலும் முதுகைக் காட்டிவிடுவது.

அன்று காலையும் அப்படித்தான். அவள் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். தம்பி பின்வாசலில் வந்து நின்று, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கினான். அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்து முதுகைத் திருப்பினாள். தான் சிரிப்பது அவனுக்குத் தெரியட்டும் என்றே தோளைக் குலுக்கிச் சிரித்தாள். கடைசி வரிசை வரை நிதானமாகப் பறித்துவிட்டு வந்தபோது, அவன் படியில் உட்கார்ந்து நிலையில் சாய்ந்திருந்தான். வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கிறான் என்று எண்ணி, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவரையை உரித்தாள். ஒரு தரம் அவன் மடியில் விழுந்த தோலைக்கூட எடுத்துப் போட்டாள்.

மோட்டார் நின்றது.

"சரி, ஆட்டம் முடிஞ்சுது. நான்தான் ஜெயிச்சேன்," என்றாள் அக்கா.

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்து, இதயம்தான் என்றாள். எப்போது என்று கேட்டதற்கு, காலையிலேயே இருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் தம்பி மகள் நகரத்திலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு எதற்குப் போகிறீர்கள் என்று அப்பாவோடு கடைசி வரை சண்டை போட்டவள். கட்டிலருகே உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா கடைசியா என்ன சொன்னாரு அத்தை?" என்று கேட்டாள். காலையில் இருவரும் பேசுவதில்லையே என்றாள் அக்கா. மகள் தலையசைத்தாள். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டபோது, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றாள். அதுவும் பொய்யில்லை.

அந்த ஒரு பதிலை மகள் இறுகப் பற்றிக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வலியே தெரியாமல் போய்விட்டாராம். அத்தை பக்கத்திலேயே இருந்தார்களாம். அவர் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு சத்தமும் இல்லாமல் நடந்ததாம். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துவந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. பேருந்து நிலையத்திலிருந்து பழைய சகாக்கள் வந்திருந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் ஒருவர், தம்பி ஒரு தரம் மைக்கை அணைக்க மறந்துவிட்டு மனைவியோடு போனில் சண்டை போட்டதையும், கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்டதும் எல்லா மேடையிலும் கைதட்டியதையும் சொன்னார். மகள் சிரித்துவிட்டு அழுதாள். அக்கா சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மகள் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்க தனியா இருக்க வேணாம். எங்கூட வந்துடுங்க. கடைசி நேரத்துல அப்பாகூட நீங்கதான் இருந்தீங்க. அது போதும் எனக்கு. இனிமே உங்களை நான் பாத்துக்கறேன்," என்றாள்.

சரி என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நகரத்தில் ஒரு அறை இருக்கும், பேச ஆள் இருக்கும், நோய் வந்தால் கூப்பிடும் தூரத்தில் டாக்டர் இருப்பார். இந்தப் பெண்ணும் ஆயுசுக்கும் நிம்மதியாக இருப்பாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"கூட இல்ல கண்ணு," என்றாள். "முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். விளையாட்டை, கையை, தோள் குலுங்கியதை, உரித்த அவரையை. சொல்லும்போது எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மகளின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே இருந்தது. "கூப்பிட்டாரா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"வான்னு காட்டினானா, வேணாம்னு காட்டினானா, எனக்குத் தெரியல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"நான் கூட இருந்தேன்னு சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போறே. அதான்."

மகள் எழுந்து வெளியே போனாள். பின்பக்கம் போகாமல், தெருப்பக்கம் போய் நின்றாள். ஒரு டிராக்டர் போனது. திரும்பி வந்தபோது கண்கள் காய்ந்திருந்தன. சட்டையின் மற்றப் பாதியை மடித்தாள்.

"அப்பாவும் சிரிச்சாரா?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல அக்காவின் நாக்கு துடித்தது.

"கண்ணாடி போடல கண்ணு. முகம் தெரியல."

மகள் சாயங்கால வண்டிக்குக் கிளம்பினாள். வரச் சொல்லி இன்னொரு முறை கேட்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது, மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக் குடும்பம் அடுத்த வருஷம் டவுனில் கடை வைத்துப் போய்விட்டது. நர்ஸுக்கு மாற்றல் வந்தது. அக்கா அந்த வீட்டிலேயே இருக்கிறாள். தம்பி மகள் வெகுநாள் வரவில்லை, போனும் செய்யவில்லை. பிறகு ஒரு நாள் முன்னால் சொல்லாமல் வந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனாள். இப்போது அவ்வப்போது வருகிறாள். விலைவாசியைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்தக் காலையைப் பற்றி இருவரும் பேசியதில்லை. போன தடவை அவள் தன் சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், இரண்டு மூன்று முடிகளோடு. மறந்து வைத்ததா, அடுத்த தடவைக்கென்று வைத்ததா என்று அக்கா கேட்கவில்லை. ஜன்னலைத் துடைக்கும்போது அதை எடுத்து, அடியில் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.